புண் எப்போது ஆறும்?

கணவன், மனைவி இருவரின் முன்கையிலும் ஒரு உறிஞ்சு கருவியைப் பொருத்துகிறார்கள். கொஞ்ச நேரத்தில் பயறு அளவில் வரிசையாகக் கொப்புளங்கள் எழும்புகின்றன. மேல்தோலை எடுத்துவிட்டால் புண் தயார். பிறகு இருவரையும் உட்காரவைத்துப் பேசச் சொல்கிறார்கள்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 42 தம்பதிகளிடம் இப்படிச் செய்து பார்த்து, 2005இல் முடிவை வெளியிட்டார்கள். ஆய்வுக்காக முதல் முறை வந்து தங்கியபோது ஆதரவான பேச்சு. அடுத்த முறை, வீட்டில் எதற்காக முட்டிக்கொள்வார்களோ அதைப் பற்றியே பேச வேண்டும். வாக்குவாதத்துக்குப் பிறகு புண் ஆற அதிக நாள் பிடித்தது. இளக்காரமும் குத்தலுமாகப் பேசிக்கொண்ட தம்பதிகளுக்கோ, தன்மையாகப் பேசியவர்களோடு ஒப்பிட்டால் 60 சதவீத வேகத்தில்தான் ஆறியது.

காரணம் சைட்டோகைன்களாக இருக்கலாம். காயம் பட்ட இடத்துக்குப் பழுதுபார்க்கும் ஆட்களை வரவழைக்கும் புரதங்கள் இவை. வாக்குவாதத்துக்குப் பிறகு புண்ணில் இவை குறைவாகச் சுரந்தன. கடுகடுப்பான தம்பதிகளின் ரத்தத்திலோ இவற்றில் இரண்டு மறுநாள் காலை அதிகமாகக் கூடியிருந்தன. அங்கே அவை கூடுவது அழற்சியின் அடையாளம், நல்லதல்ல. நாள்பட்ட அழற்சிக்கும் இதயநோய்க்கும் உள்ள தொடர்பு மருத்துவர்கள் அறிந்ததுதான்.

இந்த ஆய்வை நடத்திய ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் உளவியலாளர். அவரோடு சேர்ந்து ஆய்வு செய்த ரொனால்ட் கிளேசர் நோய் எதிர்ப்பாற்றல் நிபுணர். இருவரும் கணவன் மனைவி. வீட்டில் குரல் உயரும்போதெல்லாம் இவர்களுக்குக் கொப்புளம் ஞாபகம் வந்திருக்காதா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சில நாளில் ஆறும் புண்ணுக்கே இந்தக் கதி என்றால், ஆயுள் முழுக்க? ஹார்வர்டு ஆய்வாளர்கள் 1938 முதல் 724 ஆண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஹார்வர்டு மாணவர்களும் பாஸ்டன் நகர ஏழைச் சிறுவர்களும் அதில் இருந்தார்கள். 80 வயதில் யார் நலமாக இருப்பார்கள் என்பதை, 50 வயதில் இருந்த கொலஸ்ட்ராலைவிட, அப்போது உறவுகளில் இருந்த மனநிறைவுதான் நன்றாகக் காட்டியது. ஆண்களை மட்டும், அதுவும் வெள்ளையர்களை மட்டும் வைத்துத் தொடங்கிய ஆய்வு இது. எல்லோருக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது.

இதற்காகச் சண்டையே கூடாது என்று யாரும் பயப்பட வேண்டாம். ஹார்வர்டு ஆய்விலேயே, 80 வயதைக் கடந்தும் பொழுதுக்கும் சளசளவென்று சண்டை போட்ட தம்பதிகள் இருந்தார்கள். ஆபத்து என்றால் இவர் கைவிடமாட்டார் என்ற நம்பிக்கை இருந்தவரை, அந்தச் சண்டை அவர்கள் நினைவாற்றலைக் குறைக்கவில்லை.