உப்பும் உடல்நலமும்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம் முன்னோர் வாக்கு. அவ்வுப்பினைப் பன்னெடுங்காலமாக விளைவித்து வரும் நிலம் இலங்கையின் வடமேற்கேயுள்ள புத்தளக் கரையாகும். புத்தளமும் சிலாபமும் ஒருகாலத்தில் கண்டி அரசின் துறைகளாய் விளங்கின. 1766 ஆம் ஆண்டு உடன்படிக்கையாற் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் கைப்பட்டபோது, மலைநாட்டு மக்கள் உப்புக்கும் பிறர் கையை எதிர்பார்க்க நேர்ந்தது. ஓர் அரசையே பணியவைக்கவல்ல இப்பொருள் பற்றி மருத்துவர் இன்று கூறும் அறிவுரை இரண்டாகும். அயடீன் சேர்ந்த உப்பையே உண்க என்பது ஒன்று. அதனையும் குறைத்து உண்க என்பது மற்றொன்று.

கடலில் அயடீன் உண்டு. ஆதலின் கடலுப்பிலும் அது வேண்டுமளவு இருக்கும் எனப் பலர் எண்ணுவர். அது பொருந்தாது. பாலாவி முதலிய இடங்களிலுள்ள உப்பளப் பாத்திகளிற் கடனீர் வெயிலால் வற்றுங்கால், சுண்ணச் சேர்வைகள் முதலிற் படியும். பின்னர்க் கறியுப்பு விளையும். மகனீசியம் மிக்க கசப்பு நீர் எஞ்சி நிற்கும். ஒரு லீற்றர் கடனீரில் உப்புகள் ஏறத்தாழ 35 கிராம் உள. அயடீனோ ஏறத்தாழ 60 மைக்கிரோகிராமே. அது முழுவதும் உப்பிலே தங்கிவிட்டதாகக் கொண்டாலும், 5 கிராம் உப்பிற் கிடைப்பது 10 மைக்கிரோகிராமுக்கும் குறைவாகும். வளர்ந்தவர்க்கு நாளொன்றுக்கு 150 மைக்கிரோகிராமும், கருவுற்ற மகளிர்க்கு 250 மைக்கிரோகிராமும் வேண்டும்.

அயடீன் குறையின் கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பி வீங்கிக் கண்டக்கழலை தோன்றும். அதனினும் கொடியது கருவிலுள்ள சிசுவுக்கு நேரும் கேடு. தாயிடத்து இக்குறை மிகுமாயின் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும். பிறந்தபின் அதனை ஈடுசெய்தல் அரிது.

இதற்குரிய காப்பு மிக எளிது. சுவிற்சலாந்து 1922 ஆம் ஆண்டிலேயே அயடீன் கலந்த உப்பை வழங்கத் தொடங்கியது. இந்தியாவின் காங்ரா பள்ளத்தாக்கில் மருத்துவப் பேரறிஞர் இராமலிங்கசுவாமியும் அவர்தம் குழுவினரும் 1956 இல் தொடங்கிய ஆய்வு, இவ்வுப்பினாற் கழலை குறைதலை ஐயமற நிறுவியது. இலங்கையில் ஈரவலயத்திற் கண்டக்கழலை மிகுந்து காணப்பட்டது. 1995 இல், உணவுக்கு விற்கப்படும் உப்பில் அயடீன் சேர்த்தல் சட்டத்தாற் கட்டாயமாக்கப்பட்டது. ஆகவே, அளத்திலிருந்து நேரே பெற்ற உப்பையோ, தொழிலுக்குரிய உப்பையோ அடுக்களையிற் பயன்படுத்துவோர் இக்காப்பினை இழக்கின்றனர்.

இனி, இரண்டாம் அறிவுரையை நோக்குவோம். மிகுதியான உப்பு குருதியமுக்கத்தை உயர்த்தும். பெரும்பாலும் யாதோர் அறிகுறியும் காட்டாத இந்நிலை, நாளடைவில் இதயத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். வளர்ந்தோர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாமல், உப்பு உண்ணவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கறியிலும் சோற்றிலும் இடுவது மட்டுமன்றி, ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் மறைந்துள்ளதும் இக்கணக்கில் அடங்கும். கற்பிட்டி, உடப்பு முதலிய மீனவர் ஊர்களில் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

இவ்விரு அறிவுரைகளும் ஒன்றற்கொன்று முரணானவை அல்ல. உப்பின் அளவு குறையவேண்டும். இடும் உப்பு அயடீன் உடையதாதல் வேண்டும். குருதியமுக்கம் உடையோர்க்கும் இதுவே விதி.

இல்லத்திற் கடைப்பிடிக்க வேண்டியவை சிலவே. உப்பை மூடிய கலத்தில், ஈரமும் அடுப்பின் வெப்பமும் படாதவாறு வைத்தல் வேண்டும். சமையல் முடியுந் தறுவாயில் இடுதல் சிறந்தது. கல்லுப்பைக் கழுவிப் பயன்படுத்தும் வழக்கம் பலரிடம் உண்டு; கழுவுங்கால் மேற்பரப்பிலுள்ள அயடீன் நீரோடு போய்விடும். கருவாட்டையோ நீரில் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டே சமைத்தல் வேண்டும். கழுவத்தக்கது கருவாடு, கழுவத்தகாதது உப்பு. இவ்வேறுபாட்டை இல்லத்தார் அறிந்து ஒழுகுவாராயின், பிறக்கும் மகவின் அறிவும் முதியோரின் ஆயுளும் ஒருங்கே காக்கப்படும்.