பழைய வால்பேப்பர் மேலேயே புதுசு ஒட்டலாமா?

நசரத்பேட்டைக்குப் பக்கத்திலேயே செம்பரம்பாக்கம் ஏரி. மழைக்காலம் முடிந்ததும் இங்கே பல வீடுகளில் வால்பேப்பர் உப்பிக்கொண்டு நிற்கும். அதை மறைக்க மேலேயே புதிதாக ஒன்றை ஒட்டினால், அடியில் பூஞ்சை வளரும். வீட்டில் வீசிங் உள்ள குழந்தை இருந்தால் தொல்லை இன்னும் கூடும்.

எத்தனை அடுக்கு இருந்தாலும் சுவர்வரை உரித்துவிடுங்கள். முதலில் மெயின் ஸ்விட்சை அணையுங்கள், மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். மேலே உள்ள வினைல் தாள் மூலையிலிருந்து இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். அடித்தாள்தான் அடம்பிடிக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் சில சொட்டு விட்டு, ஸ்பாஞ்சால் நனைத்து, கால் மணி நேரம் ஊறவிடுங்கள். இரண்டு மூன்று அடுக்கு என்றால், கத்தியால் லேசாகக் கீறினால்தான் தண்ணீர் உள்ளே இறங்கும். பட்டி பிளேடைப் படுக்கவைத்துச் சுரண்டுங்கள். நிமிர்த்திப் பிடித்தால் சுவர்ப் பட்டியும் சேர்ந்து பெயரும். (பெயிண்டர் பில்லும் ஏறும்!) மிச்சப் பசையைக் கழுவிவிடுங்கள்.

சுவர் காய்ந்ததும், ஓரடி சதுர பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவரை ஒட்டிய பக்கம் நீர் முத்து கோத்திருந்தால், ஓதம் சுவருக்குள்ளேயே இருக்கிறது. பைப் கசிவா, வெளிச்சுவர் விரிசலா, தரையிலிருந்து ஏறுகிறதா என்று பார்த்துச் சரிசெய்யாமல் புதுத் தாள் வாங்குவது வீண் செலவு.

ஓதம் இல்லையென்றால் பட்டி பூசி, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்து, நன்றாகக் காய்ந்தபின் ஒட்டலாம். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் இந்த வேலை வேண்டாம்; மாசிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.