தோட்டாவில் சூட்சுமம், விசையில் சிக்கல்

பென்னலூர் வழியாக பெங்களூரு சாலையில் போகிறவர்களுக்கு இந்த வட்டாரம் என்றால் கார், பைக், டயர்தான். 2019 ஜனவரியில் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தொடங்கியபோது, அதன் ஐந்து முனையங்களில் ஒன்றானது சென்னை. வல்லம் வடகாலில் விண்வெளித் துறைக்கென்றே சிப்காட் பூங்கா இருக்கிறது. வண்டிப் பாகம் கடைகிற பட்டறை ஆயுதப் பாகமும் கடையுமா என்ற கேள்வி இங்கே ஒன்றும் விநோதமில்லை. ஒரகடத்தில் புல்லட் செய்யும் ராயல் என்ஃபீல்டுக்குப் பெயர் வந்ததே இங்கிலாந்தின் என்ஃபீல்டு துப்பாக்கி ஆலைக்குப் பாகம் கொடுத்த ஒப்பந்தத்தால்தான்.

கடைவது பெரிய காரியமில்லை. சிக்கல் எங்கே என்பதற்கு கிரனேட் லாஞ்சர் நல்ல உதாரணம்.

கையால் வீசினால் குண்டு 30, 40 மீட்டர் போகும். மார்ட்டரோ தொலைவுக்கானது. நடுவே உள்ள இடைவெளியை நிரப்பத்தான் 1961-ல் அமெரிக்கா எம்-79-ஐக் கொண்டுவந்தது. அதன் 40 மி.மீ. குண்டு சுமார் 400 மீட்டர் வரை பாயும். சூட்சுமம் தோட்டாவில் இருக்கிறது. மருந்து ஒரு சின்ன அறையில் உச்ச அழுத்தத்தில் எரிந்து, துளைகள் வழியாகப் பெரிய அறைக்குள் வாயுவாகக் கசிகிறது. அங்கே அழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். அதனால் குழலை லேசான அலுமினியத்தில் செய்யலாம், சுடுபவரின் தோளும் தப்பிக்கும். குழலுக்குள் சுழன்றபடி வெளியேறும் குண்டு சுமார் 14 மீட்டர் கடந்த பிறகே வெடிக்கத் தயாராகும்.

எம்-79 ஏந்தியவர் கையில் துப்பாக்கி இருக்காது. துப்பாக்கிக்கு அடியிலேயே மாட்டிவிட்டால்? கோல்ட் நிறுவனம் வடிவமைத்த எக்ஸ்.எம்-148, 1966 இறுதியில் வியட்நாம் போனது. சோதனை ரகம்தான், சோதித்த இடமோ போர்க்களம். அதை இழுத்துத் தயார்செய்யவே முரட்டுப் பலம் வேண்டும். முன்னால் இருந்த குழலைச் சுட, துப்பாக்கி விசையருகே வரை நீண்ட ஒரு கம்பி. காட்டில் செடிகொடி அதில் மாட்டினால் தானாகவே வெடிக்கும் அபாயம். 1967-லேயே திரும்பப் பெற்றார்கள். குண்டில் கோளாறில்லை, கை படும் இடத்தில்தான் கோளாறு. அதற்குப் பதில் வந்த எம்-203, தன் குழலோடு ஒட்டிய தனி விசையுடன் 1969-ல் ஏற்கப்பட்டது.

நம் ஊர்க் கதை திருச்சியில். புனேயின் ஏ.ஆர்.டி.இ. ஆய்வகம், இன்சாஸ், ஏ.கே. ரகத் துப்பாக்கிகளுக்கு அடியில் மாட்டும் 40 மி.மீ. லாஞ்சரை உருவாக்கியது. 1966-ல் தொடங்கிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை அதைத் தயாரிக்கிறது. ஆறு குண்டு ஏற்றும் லாஞ்சரும் அங்கே தயாராகிறது. தென்னாப்பிரிக்காவின் மில்கார் வழி வந்த வகை அது. குண்டு ஏற்றும்போதே உருளையைக் கையால் திருகி ஸ்பிரிங்குக்கு முறுக்கேற்ற வேண்டும். பிறகு ஒவ்வொரு சுடுதலுக்கும் உருளையைச் சுழற்றுவது அந்த ஸ்பிரிங்தான். அது தளர்ந்தால் கையில் இருப்பது வெறும் இரும்பு.

நுட்பம் கூடினால் தொல்லையும் கூடும். தூரத்தை லேசரால் அளந்து, குண்டின் சுழற்சியை எண்ணி, இலக்கின் தலைக்கு மேலே வெடிக்கவைக்கும் எக்ஸ்.எம்-25-ஐ 2010-ல் ஆப்கானிஸ்தானுக்கு அமெரிக்கா அனுப்பியது. 2013-ல் கோளாறாகி ஒரு வீரர் காயமடைந்தார். 2018-ல் திட்டமே கைவிடப்பட்டது.

பென்னலூர்ப் பக்கத்துப் பட்டறைக்கு இத்தகைய ஆர்டர் வந்தால், ஸ்பிரிங், உருளை, விசைக் கூடு போன்றவைதான் பெரும்பாலும் வரும். கார் கம்பெனியின் தர ஆய்வாளரைப் பார்த்துப் பழகியவர்கள், இங்கே பாதுகாப்பு அமைச்சகத்தின் தர உறுதித் தலைமை இயக்குநரகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.