வீட்டு புரோக்கர் தன்னைப் பற்றி எழுதும்போது

காரைக்குடியில் வீடு, மனை முடித்துக் கொடுப்பவர்களின் விசிட்டிங் கார்டில் பெரும்பாலும் மேலே பிள்ளையார், நடுவே 'ரியல் எஸ்டேட் கன்சல்டன்ட்', கீழே இரண்டு செல் நம்பர் இருக்கும். டீக்கடையில் அறிமுகமாகும் பார்ட்டிக்கு அது போதும், மிச்சத்தை நேரில் பேசிக்கொள்ளலாம். ஆனால் கானாடுகாத்தான் வீட்டில் தனக்குள்ள பங்கை என்ன செய்வதென்று கோலாலம்பூரில் உட்கார்ந்து யோசிக்கிறவருக்குப் போதாது. "உங்களப் பத்தி நாலு வரி எழுதி அனுப்புங்க தம்பி" என்று அவரிடமிருந்து வாட்ஸ்அப் வரும். நாள் முழுக்கப் பேசியே பிழைப்பவருக்கு அந்த நாலு வரிதான் வராது.

உடனே எங்கிருந்தோ ஒரு மாதிரியை எடுத்துத் தட்டிவிடுகிறார்கள்: '15 ஆண்டு அனுபவம், நேர்மையே மூலதனம், உங்கள் கனவு இல்லம் எங்கள் லட்சியம்.' பெயரை மாற்றினால் மதுரை புரோக்கருக்கும் கோவை புரோக்கருக்கும் இதுவே பொருந்தும். போதாக்குறைக்குக் கனவு இல்லம் வேறு! படிக்கிறவர் கையில் இருப்பது கொள்ளுத்தாத்தா கட்டிய வீடு. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில், நடுவே வளவும் இரண்டாம் கட்டும் பூட்டிக் கிடக்கின்றன. சாவி ஒருவரிடம், வரி ரசீது இன்னொருவரிடம்.

அவருடைய முதல் பயம், இந்த ஆள் வீட்டை வீடாக விற்பாரா, உடைக்கக் கொடுத்துவிடுவாரா என்பது. செட்டிநாட்டில் இதுவே பெரிய கேள்வி. பர்மாத் தேக்குத் தூணும் நிலைக்கதவும் கழற்றினால் தனித்தனியாக விலை போகும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் நடந்து பார்த்தால் எத்தனை வீடுகள் அப்படிப் பிரிந்து வந்திருக்கின்றன என்று தெரியும். 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. அந்தப் பட்டியல் தனியார் வீட்டை உடைப்பதைத் தடுத்துவிடாது. இன்னொரு பக்கம், கானாடுகாத்தானிலேயே பழைய வீடுகள் ஓட்டல்களாகி நன்றாக நடக்கின்றன. உடைப்பதும் தொழில்தான், வீடாகவே கைமாற்றுவதும் தொழில்தான். நீங்கள் எதைச் செய்கிறீர்கள் என்பதைக் குறிப்பின் முதல் இரண்டு வரிக்குள் சொல்லிவிடுங்கள். இரண்டையும் செய்தால் அதையும் சொல்லுங்கள். மறைத்துப் பிறகு தெரிந்தால் ஒன்பது கோயில் நகரத்தார் வட்டாரம் முழுக்கப் பேச்சாகிவிடும்.

அடுத்த பயம் பத்திரம். இங்கே ஒரு வீட்டுக்கு எத்தனை புள்ளி, அதாவது எத்தனை குடும்பம், பாத்தியம் என்று எண்ணி முடிப்பதே ஒரு வேலை. பாகப்பிரிவினை ஆனதா, வாரிசுச் சான்று இருக்கிறதா, பட்டா யார் பெயரில் நிற்கிறது, வில்லங்கம் எத்தனை வருடத்துக்குப் போட்டது என்று கேள்விகள் வரும். வெளிநாட்டில் எழுதிக் கொடுத்த பவர் பத்திரத்துக்கு, அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். இது தெரியாமல் அட்வான்ஸ் வாங்கிவிட்டு அலைகிறவர்கள் உண்டு. நீங்கள் தெரிந்தவரென்றால் 'ஆவணப் பணிகளில் நிபுணர்' என்று எழுதாதீர்கள். செய்து முடித்த ஒரு வேலையைச் சொல்லுங்கள். ஆனால் யார் வீடு என்று காட்டிவிடக்கூடாது. 'பள்ளத்தூர் மேலத்தெரு பெரிய வீடு' என்றாலே ஊரில் பாதிப் பேருக்குப் பெயர் தெரிந்துவிடும். பங்காளிகள் எத்தனை பேர், எத்தனை நாட்டில் இருந்தார்கள், முடிய எத்தனை மாதம் ஆனது என்ற கணக்கு போதும்.

மூன்றாவது ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். 2016ஆம் ஆண்டு சட்டப்படி, பதிவு செய்த லேஅவுட்டிலோ அடுக்குமாடியிலோ மனை, வீடு விற்றுக் கொடுக்கிற ஏஜென்ட்டும் ஆணையத்தில் பதிந்திருக்க வேண்டும், முடிக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் பதிவு எண்ணைக் காட்ட வேண்டும். இல்லாத அங்கீகாரத்தை இருப்பதாகச் சொல்வதை முறையற்ற வணிகம் என்கிறது அதே சட்டம். 'அரசு அங்கீகாரம் பெற்ற ஆலோசகர்' என்று பந்தாவாகப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பதிந்திருந்தால் எண்ணை மட்டும் போடுங்கள், வேண்டியவர்கள் ஆணையத்தின் தளத்தில் பார்த்துக்கொள்வார்கள்.

இதையெல்லாம் சேர்த்து நான் ஒரு மாதிரி எழுதிப் பார்த்தேன். ஆளும் எண்ணும் கற்பனை:

"காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளை முடித்துக் கொடுக்கிறேன். வீட்டை வீடாகவே வாங்குகிறவர்களுக்கு மட்டும். உடைக்கும் வியாபாரம் செய்வதில்லை. பங்காளிகள் பலர் வெளியூரில் இருக்கும் வீடுகளே அதிகம் பார்த்தவை. கடைசியாக முடித்த வீட்டில் பதினோரு கையெழுத்து, மூன்று நாடு, ஏழு மாதம். பத்திரம் பார்ப்பது வக்கீல் வேலை. அவரை நீங்களே வைத்துக்கொள்ளலாம். கமிஷன் விற்பவரிடம் மட்டும், பத்திரம் பதிந்த அன்று."

கடைசி வரியைப் போடத்தான் பலருக்கும் தயக்கம். கமிஷனை எழுத்தில் சொன்னால் பேரம் பேச இடமில்லாமல் போகுமே என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு பக்கமும் வாங்குகிறாரா என்ற சந்தேகம்தான் பார்ட்டியை அடுத்த புரோக்கரிடம் அனுப்புகிறது. இரண்டு பக்கமும் வாங்குபவராகவே இருந்தாலும் முன்கூட்டிச் சொன்னவருக்கு வசவு குறைவு.

'புரோக்கர்' என்று போடலாமா, 'கன்சல்டன்ட்' என்றே போட வேண்டுமா? ஊரில் கூப்பிடும் பெயர் புரோக்கர்தான். குறிப்பில் 'வீட்டுத் தரகர்' என்று எழுதினால் யாரும் குறைவாக நினைக்கப்போவதில்லை. படிப்பு, குடும்பம், பொழுதுபோக்கு எல்லாம் தேவைப்பட்டால் ஒரு வரி. படத்துக்கு ஸ்டூடியோவில் கோட்டு மாட்டி நிற்க வேண்டாம். ஆத்தங்குடித் தரை பளபளக்கும் யாரோ ஒருவர் வீட்டுப் பட்டாலையிலும் நிற்க வேண்டாம், அந்த வீட்டுக்காரர் பார்த்தால் வம்பு. வெள்ளைச் சட்டையோடு, முகம் தெரிகிற மாதிரி ஒரு படம் போதும்.

தமிழில் எழுதி முடித்தபின் ஆங்கிலத்தில் ஒன்று வேண்டும், வெளிநாட்டில் வளர்ந்த பேரப்பிள்ளைகள் பலர் தமிழ் பேசுவார்கள், படிக்க வராது. இரண்டிலும் ஊர்ப் பெயரும் எண்ணும் ஒன்றுபோல இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.