பிள்ளைக்கு மனசு சரியில்லையா? உடன்குடி மக்கள் எங்கே போகணும்

உடன்குடி:
பிள்ளைக்கு காய்ச்சல் என்றால் எங்கே போவது என்று உடன்குடியில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் பத்தாம் வகுப்பு பையன் ராத்திரி தூங்காமல் முழித்துக் கிடந்தால், பேச்சை நிறுத்தினால், பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடித்தால்? 'எதையோ பார்த்து பயந்திருக்கான்' என்று திருநீறு போட்டு கயிறு கட்டுவதிலேயே பல மாதம் ஓடிவிடுகிறது. கயிறு கட்டுவதை யாரும் தடுக்கவில்லை. டாக்டரிடமும் காட்டணும் என்பதுதான் விஷயம்.

அரசு ஏற்பாடு உண்டு. ஆனால் ஒரே இடத்தில் இல்லை.

முதல் இடம் பள்ளிக்கூடமும் அங்கன்வாடியும்தான். மத்திய அரசு 2013-ல் தொடங்கிய சிறார் நலத்திட்டப்படி டாக்டர் குழு பள்ளிக்கு ஆண்டுக்கு ஒருமுறை, அங்கன்வாடிக்கு 2 முறை வரவேண்டும். பேச்சு வராதது, ஆட்டிசம், படிப்பில் தடுமாற்றம் போன்றவை தெரிந்தால் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். 18 வயது வரை இது பொருந்தும். சொத்தைப்பல் வாயைத் திறந்ததும் தெரியும், மனக்கஷ்டம் அப்படி தெரியாது. கடைசி பெஞ்சில் சத்தமில்லாமல் இருக்கிற பிள்ளையை டீச்சர்தான் சொல்லணும்.

அடுத்தது மாவட்ட மனநலத்திட்டம். 1996-ல் நாட்டிலேயே முதலில் 4 மாவட்டங்களில் தொடங்கியபோது திருச்சியும் அதில் ஒன்று. இதன்படி மனநல டாக்டர் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு வருவார். எந்த நாள் என்று விசாரித்துவிட்டு பஸ் ஏறினால் அலைச்சல் மிச்சம். அதற்கும் மேலே என்றால் தூத்துக்குடி அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரி மனநலப்பிரிவு.

'கொண்டுபோனால் கட்டிப்போட்டு விடுவாங்களோ' என்ற பயம் இந்தப் பக்கம் நிறைய பேருக்கு உண்டு. 2001 ஆகஸ்டு 6-ந்தேதி ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகியதை யார் மறப்பார்? அது ஆஸ்பத்திரி அல்ல, தனியார் காப்பகம். 2017-ம் ஆண்டு மனநல சட்டம் சங்கிலி போடுவதையே தடை செய்கிறது. 18 வயதுக்கு கீழே உள்ளவர்களை அவசியம் இருந்தால்தான் ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம். அதற்கு 2 பேர் தனித்தனியாக பரிசோதிக்கணும், அதில் ஒருவராவது மனநல டாக்டராக இருக்கணும். பெரியவர்களோடு ஒரே வார்டில் போடக்கூடாது. தாயோ, தகப்பனோ, பொறுப்பாளரோ கூடவே தங்கணும். சேர்த்த தகவல் 72 மணி நேரத்துக்குள் மனநல ஆய்வு வாரியத்துக்கு போகணும்.

'வெளியே தெரிஞ்சா நாளைக்கு கல்யாணம் ஆகாதே' என்று தயங்குகிறவர்களுக்கும் அதே சட்டத்தில் பதில் இருக்கிறது. சிகிச்சை விவரத்தை ஆஸ்பத்திரி ரகசியமாக வைக்கணும்.

நடுராத்திரியில் பிள்ளை 'சாகப்போறேன்' என்று சொன்னால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தனியாக விடாமல் பக்கத்திலேயே இருந்துகொண்டு 14416-க்கு போன் போடலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்த சேவையில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.