கண்ணில் வளரும் சதை... எந்த ஒட்டு நல்லது?

வயல், கடல், சாலை என வெயிலிலும் தூசியிலும் உழைப்பவர்கள் சிலருக்கு, கண்ணின் மூக்கோரத்தில் சதை வளர்ந்து மெள்ள கருவிழி மேல் ஏறும். இதுதான் 'டெரிஜியம்'. புற்றுநோய் அல்ல, ஆனால், பார்வையை மங்கச் செய்யும். சொட்டுமருந்து உறுத்தலைக் குறைக்குமே தவிர, சதையைக் கரைக்காது.

வெட்டிவிட்டு அப்படியே விட்டால், பலருக்கு மீண்டும் வளர்ந்துவிடும். அதனால் அந்த இடத்தை ஒட்டு வைத்து மூடுகிறார்கள்.

சொந்தத் திசு: மேல் இமை மறைக்கும் பகுதியிலிருந்து மெல்லிய படலத்தை எடுத்து, தையல் போட்டோ ஃபைப்ரின் பசையாலோ ஒட்டுவார்கள்.

பனிக்குடச் சவ்வு: சிசேரியன் பிரசவத்தின்போது தானமாகப் பெற்று, பரிசோதித்துப் பதப்படுத்தியது.

20 ஆய்வுகளை அலசிய 2016-ம் ஆண்டு காக்ரேன் அறிக்கையின்படி, 3 முதல் 6 மாதங்களுக்குள் சதை திரும்ப வளர்ந்தது சொந்தத் திசு வைத்தவர்களில் 3.3 - 16.7 சதவிகிதம், சவ்வு வைத்தவர்களில் 6.4 - 42.3 சதவிகிதம்.

எனவே, பெரும்பாலும் சொந்தத் திசுவே முதல் தேர்வு. ஆனால், கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்குப் பின்னாளில் அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், அந்த மேல் படலம் வேண்டியிருக்கும். சதை இருபுறமும் பரவியிருந்தால் திசு போதாமலும் போகலாம். அப்போது சவ்வுதான் கைகொடுக்கும். கண் அழுத்தம் இருந்தால், ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.