சிறுதீயில் ஒரு சாண்ட்விச்

அவசரமாகச் சமைத்த ஆட்டிறைச்சியை மென்று மென்று தாடை வலித்த அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும். அதே இறைச்சியைச் சிறுதீயில் மூன்று மணி நேரம் வேகவிட்டால், கரண்டியால் அழுத்தியதும் நார் நாராகப் பிரிந்துவிடும். இம்மாற்றம் எப்படி நிகழ்கிறது என்று தெரிந்தால், வயிறு நிறையும் சாண்ட்விச் ஒன்றையும் நன்றாகச் செய்யலாம்.

இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு இடையே பாலாடைக்கட்டியை வைத்து வாட்டி உண்பது அமெரிக்க வீடுகளில் வழக்கமான எளிய உணவு. இயந்திரத்தில் சீராக வெட்டிய ரொட்டி 1928ஆம் ஆண்டு அங்குள்ள மிசௌரி மாநிலத்தில் விற்பனைக்கு வந்தது. அதன்பின் இதைச் செய்வது இன்னும் எளிதாயிற்று. வெந்த இறைச்சியையும் உள்ளே சேர்த்தால், அதுவே ஒரு வேளை உணவாகிவிடும்.

ஆட்டின் கால், முன்னந்தொடை போன்ற, அதிகம் உழைக்கும் தசைகளில் கொலாஜன் என்னும் புரதம் மிகுதியாக உள்ளது. இறைச்சியைக் கடினமாக்குவது அதுதான். ஆனால், ஏறத்தாழ 70 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் ஈரத்தோடு நீண்ட நேரம் இருந்தால், கொலாஜன் கரைந்து வழவழப்பான ஜெலட்டினாக மாறுகிறது. தீயைக் கூட்டினால் விரைவில் முடியாதா? முடியாது. கடுந்தீயில் தசைநார்கள் இறுகிச் சுருங்கி நீரை இழக்கின்றன. கொலாஜன் கரைவதற்குள் சட்டியில் உள்ள நீரும் வற்றிப்போகும். பிரஷர் குக்கரில் நேரம் குறையும் என்பது உண்மையே. ஆனால், மூடியைத் திறந்து திறந்து பதம் பார்க்க இயலாது.

அரைக் கிலோ இறைச்சிக்கு ஒரு பெரிய வெங்காயம், நான்கு பல் பூண்டு, ஒரு தேக்கரண்டி மிளகுத்தூள், தேவையான உப்பு ஆகியவை போதும். அடிகனமான சட்டியில் சிறிது எண்ணெய் விட்டு, இறைச்சியை எல்லாப் பக்கமும் பழுப்பாகும்வரை வதக்க வேண்டும். பிறகு மற்றவற்றைச் சேர்த்து, இறைச்சி பாதி மூழ்கும் அளவு நீர் ஊற்றி மூட வேண்டும். நீர் தளதளவெனக் கொதிக்கக் கூடாது. ஆங்காங்கே குமிழியிட்டால் போதும். இடையில் நீர் குறைந்தால் சிறிது வெந்நீர் ஊற்றலாம். வெந்ததும் எலும்பை நீக்கி, இறைச்சியை உதிர்த்து, எஞ்சிய சாற்றை வற்றவிட வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான். ஈரம் மிகுந்த இறைச்சி ரொட்டியை ஊறவைத்துக் கூழாக்கிவிடும்.

இனி ரொட்டிக்கு வருவோம். அதன் வெளிப்பக்கங்களில் மட்டும் வெண்ணெய் தடவ வேண்டும். செடார் வகைப் பாலாடைக்கட்டியைத் துருவி, இறைச்சிக்குக் கீழும் மேலும் தூவ வேண்டும். அது உருகி, ரொட்டியையும் இறைச்சியையும் பசைபோல் ஒட்டவைக்கும். ரொட்டியில் காற்றுத் துளைகள் நிறைந்திருப்பதால் வெப்பம் மெதுவாகவே உள்ளே செல்லும். தோசைக்கல் அளவுக்கு மீறிக் காய்ந்தால், பாலாடைக்கட்டி உருகும் முன்பே ரொட்டி கருகிவிடும். ஆகவே, இங்கும் சிறுதீதான். முதல் பக்கம் வேகும்போது மேலே ஒரு மூடி போட்டு வைத்தால் சூடு உள்ளேயே தங்கும். பொன்னிறமானதும் திருப்பிப் போடலாம்.

எடுத்தவுடன் வெட்டினால் உள்ளிருப்பது வழிந்தோடிவிடும்; இரண்டு நிமிடம் ஆறவிட வேண்டும். மீந்த இறைச்சியை இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டால், மறுநாள் காலைப் பசியாறலுக்கு நன்றாகச் சூடாக்கி உண்ணலாம்.